கணினித் திட்டங்கள் ஏன் பாதியில் நிற்கின்றன?
அஜைல் முறையும் முன்கூட்டிய திட்டமிடலும் – ஒரு பாடம்



கல்வி உதவித்தொகை, விதவையர் மாதாந்திர உதவி, ஜகாத் விநியோகம், வட்டியில்லாக் கடன் ஆகிய நமது நான்கு பதிவேடுகளையும் கணினிக்கு மாற்றுவது குறித்து வரும் பொதுக்குழுவில் மஷூரா செய்ய இருக்கிறோம். இது பற்றி இப்போதே இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. "செய்வதென்றால் மொத்தமாகச் செய்துவிடுங்கள், ஒரு கம்பெனியிடம் கொடுத்து, ஒரே தடவையில் பணத்தைக் கட்டி முடித்துவிட வேண்டும்" என்கிறார்கள் சிலர். "நோட்டில் இல்லாதது கம்ப்யூட்டரில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் செலவாகப் போவது ஜமாஅத்தார் நம்பிக் கொடுத்த பணம். அது அமானத். ஆகவே கை தூக்குவதற்கு முன், கணினித் திட்டங்கள் எப்படி வெற்றி பெறுகின்றன, எப்படிக் கெட்டுப் போகின்றன என்பதைக் குடும்பத்தோடு படித்து வைத்துக்கொள்வது நல்லது என்று இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் மஹல்லாவில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் ஐ.டி. வேலை பார்க்கிறார்கள். வீட்டில் இருந்து வேலை பார்க்கும்போது "ஸ்பிரிண்ட் முடியப் போகிறது", "காலையில் ஸ்டாண்ட்அப் இருக்கிறது" என்று போனில் பேசுவதை வாப்பாவும் உம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று பிள்ளைகளிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

பழைய முறை

மென்பொருள் வேலை பெரிய அளவில் நடக்கத் தொடங்கிய காலத்தில், அதை வீடு கட்டுவது போலவே நினைத்தார்கள். முதலில் என்னென்ன வேண்டும் என்று முழுவதும் எழுதுவது, பிறகு வரைபடம், பிறகு கட்டுவது, கடைசியில் சோதித்துப் பார்த்துச் சாவியைக் கொடுப்பது. ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த கட்டம். தண்ணீர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு விழுவது போல இருப்பதால் இதற்கு 'வாட்டர்ஃபால்', அதாவது அருவி முறை என்று பெயர் வந்தது. 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற பொறியாளர் எழுதிய கட்டுரையில் உள்ள படத்தைத்தான் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரையில் ராய்ஸ் இந்தப் படத்தை அப்படியே பின்பற்றுவது ஆபத்து, சோதனை கடைசியில் வருவதால் தவறு தெரியும்போது ஆரம்பத்திலிருந்து மாற்ற வேண்டிவரும் என்று எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை போலும். நூல்களுக்கு இப்படி நேர்வது புதிதல்ல.

வீட்டுக்குப் பொருந்துகிற முறை மென்பொருளுக்கு ஏன் பொருந்தாமல் போகிறது? நம் ஊரில் வீடு கட்டும்போது என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சுவர் இடுப்பளவு எழும்பும்போதே வீட்டுக்காரம்மா வந்து நின்று, "இந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அடுப்பு இங்கே வரும்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுகிறார். சுவர் கண்ணுக்குத் தெரிகிறது, கையால் அளக்கலாம். மென்பொருளில் சுவர் எழுதுகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பயன்படுத்தப் போகிறவர் அதைப் பார்ப்பது கடைசி நாளில். அன்றைக்கு "ஜன்னல் இங்கே வேண்டாம்" என்றால், இடித்துக் கட்ட வேண்டியதுதான். அதற்குள் பணமும் தீர்ந்திருக்கும்.

அஜைல் என்பது

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை வாசஸ்தலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடினார்கள். அதுவரை வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு முறைகளைக் கடைப்பிடித்து வந்தவர்கள் அவர்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்ததைச் சுருக்கமான ஓர் அறிக்கையாக எழுதினார்கள். அதற்கு 'அஜைல்' என்று பெயர் வைத்தார்கள். சுறுசுறுப்பாக, வளைந்து கொடுத்து வேலை செய்வது என்று பொருள் கொள்ளலாம். நடைமுறை விதிகளைவிட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம். கட்டுக்கட்டான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருள் முக்கியம். ஒப்பந்தத்தில் சட்டம் பேசுவதைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது முக்கியம். போட்ட திட்டத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வதைவிட, நிலைமை மாறும்போது அதற்கேற்ப மாறுவது முக்கியம். இவைதான் அதன் நான்கு அடிப்படைகள். ஆவணமே வேண்டாம், திட்டமே வேண்டாம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. இரண்டும் மோதும்போது எதற்கு முதலிடம் என்பதைத்தான் சொல்லியது. இந்த இடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கெட்டவர்கள் பலர்.

இந்த அஜைல் குடும்பத்தில் அதிகம் வழக்கில் உள்ள முறை 'ஸ்கிரம்'. ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து பந்துக்காக நெருக்குவதற்கு அந்தப் பெயர். 1986-ல் ஹிரோடாகா தகேயூச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள், புதுப்பொருள் தயாரிக்கும் கம்பெனிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த உவமையைக் கையாண்டார்கள். பிறகு ஜெஃப் சதர்லாந்து, கென் ஷ்வேபர் இருவரும் அதை மென்பொருள் வேலைக்கு ஒரு முறையாக வகுத்து 1995-ல் வெளியிட்டார்கள்.

முறை கடினமானது அல்ல. செய்ய வேண்டியவற்றை எல்லாம் முக்கியத்துவ வரிசைப்படி ஒரு பட்டியலாக எழுதி வைப்பார்கள். எது மேலே, எது கீழே என்று முடிவு செய்யும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் உண்டு. அவரை 'ப்ராடக்ட் ஓனர்' என்பார்கள். பட்டியலின் மேலிருந்து சிலவற்றை எடுத்து, ஒரு மாதத்துக்கு மேற்படாத ஒரு தவணையில், பெரும்பாலும் இரண்டு வாரத்தில், முழுமையாக முடிப்பார்கள். அந்தத் தவணைக்குப் பெயர்தான் 'ஸ்பிரிண்ட்'. தினமும் கால் மணி நேரம் கூடி, யார் எங்கே நிற்கிறார், எது தடையாக இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். நின்றுகொண்டே பேசி முடித்துவிடுவதால் அது 'ஸ்டாண்ட்அப்'. தவணை முடிவில், செய்ததைப் பயன்படுத்தப் போகிறவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த தவணையின் பட்டியலைத் திருத்துவார்கள். இவ்வளவுதான். இரவில் போனில் பிள்ளைகள் பேசுவது இதைத்தான்.

அமெரிக்க அரசுக்கு நேர்ந்தது

இனி ஓர் உண்மைச் சம்பவத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2010 மார்ச்சில் அதிபர் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். காப்பீடு இல்லாத குடும்பங்கள் இணையதளத்தில் நுழைந்து, பல காப்பீடுகளை ஒப்பிட்டு, வருமானத்துக்கேற்ப அரசு மானியத்தோடு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. (காப்பீடு பற்றிய மார்க்கச் சட்டம் தனிப் பாடம், இங்கே நாம் பார்ப்பது கணினி வேலையை மட்டும்.) அதற்காக எழுப்பப்பட்ட தளம் 'ஹெல்த்கேர் டாட் கவ்'. 36 மாநிலங்களின் மக்கள் அதைத்தான் நம்பி இருந்தார்கள். திறப்பு நாள் 2013 அக்டோபர் 1.

அன்று திறந்தது. சிறிது நேரத்திலேயே திணறி நின்றது. ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள் என்று அரசுத் தரப்பில் காரணம் சொன்னார்கள். ஆனால் கூட்டம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் கூட்டம் குறைந்ததும் சரியாகியிருக்கும். ஆகவில்லை. முதல் நாள் முடிவில் காப்பீட்டுக்குப் பதிவு செய்து முடித்தவர்கள் 6 பேர். ஆமாம், ஆறே பேர். இரண்டாம் நாள் முடிவில் மொத்தம் 248. ஒரு மாதம் கழித்தும் அந்தத் தளத்தின் வழியே காப்பீட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் 27,000-ஐ எட்டவில்லை. நோயாளிப் பிள்ளையை வைத்துக்கொண்டு, காப்பீடு கிடைக்குமா என்று திரையைப் பார்த்தபடி இருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். கணினித் திட்டம் தோற்றால் பணம் மட்டும் போவதில்லை.

எங்கே கெட்டது? பல ஒப்பந்ததாரர்கள் சேர்ந்து செய்த வேலை அது. முக்கியப் பகுதி ஒரு நிறுவனத்திடம், தகவல்களை இணைக்கும் பகுதி இன்னொன்றிடம். எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கும் பொறுப்பை அரசுத் துறையே வைத்துக்கொண்டது. ஆனால் அந்தத் துறைக்குள் "இதற்கு நான் பொறுப்பு" என்று சொல்ல ஒரே ஓர் ஆள் இல்லை. என்ன வேண்டும் என்பதே கடைசி மாதங்கள் வரை மாறிக்கொண்டிருந்தது. முழுத் தளத்தையும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஓட்டிப் பார்க்கும் சோதனை திறப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் நடந்தது என்றும், அதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டியிருந்தது என்றும் ஒப்பந்ததாரர்கள் அதே அக்டோபரில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். அந்த ஆண்டின் வசந்த காலத்திலேயே ஓர் ஆலோசனை நிறுவனம் இந்த ஆபத்துகளைச் சுட்டிக்காட்டி அறிக்கை கொடுத்திருந்தது. எச்சரிக்கை வராமல் இல்லை. வந்தது, வேலையை நிறுத்திச் சரிசெய்யும் அதிகாரம் உள்ளவர் யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

ஒரு சின்ன முடிவு எவ்வளவு பெரிய கெடுதியைச் செய்தது என்பதற்கும் இங்கே உதாரணம் இருக்கிறது. கடைக்குப் போகிறவர் முதலில் பொருளைப் பார்ப்பார், விலை கேட்பார், பிறகுதான் பெயர் சொல்லிப் பில் போடுவார். இந்தத் தளத்திலும் அப்படிச் சும்மா பார்த்துவிட்டுப் போகும் வசதி இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். நேரம் போதவில்லை என்று கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே விலை மட்டும் பார்க்க வந்தவரும் கணக்குத் தொடங்கி, அடையாளத்தை நிரூபித்து, உள்ளே போக வேண்டியதாயிற்று. மொத்தக் கூட்டமும் ஒரே வாசலில் முட்டியது. அந்த வாசல் தாங்கவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுவோம். முக்கியப் பகுதிக்கான ஒப்பந்தம் 2011-ல் 5.6 கோடி டாலராகத் தொடங்கியது; 2014 பிப்ரவரியில் 20.9 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. தளத்துக்கும் அதைச் சார்ந்த அமைப்புகளுக்குமாக 2014 மார்ச் வரை அரசு ஒதுக்கிய தொகை சுமார் 84 கோடி டாலர் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. கணக்கிட்டது. அந்த ஒப்பந்தங்கள் 'ஆகும் செலவையும் தருகிறோம், அதற்கு மேல் ஒரு கட்டணமும் தருகிறோம்' என்ற வகையைச் சேர்ந்தவை. தேவைகள் மாற மாறச் செலவு ஏறியது. ஏறிய செலவு முழுவதும் கொடுத்தவர் தலையில் விழுந்தது.

இதில் நாம் மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று ஜி.ஏ.ஓ. அறிக்கையில் இருக்கிறது. அந்தத் துறை பழைய அருவி முறையில் இந்த வேலையைச் செய்யவில்லை. படிப்படியாகச் செய்யும் புதிய முறையைத்தான் கையாண்டது. அது அந்தத் துறைக்குப் பழக்கமில்லாத முறை. அதாவது அஜைல் வாசனை அங்கேயும் வீசியது. ஆனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்களே தவிர, ஒவ்வொரு துண்டையும் மக்கள் கையில் கொடுத்துப் பார்க்கவில்லை. நோக்கம், பொறுப்பு, செலவு வரம்பு ஆகிய மூன்றையும் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. பெயரை மாற்றினால் முறை மாறிவிடாது. ஒளூவின் உறுப்புகளைப் பெயர் சொல்லத் தெரிந்தவன் ஒளூச் செய்தவன் ஆகமாட்டான் என்று நம் மதரஸா உஸ்தாதுமார்கள் சொல்வது போலத்தான்.

எப்படி மீண்டது

அக்டோபர் கடைசியில் ஜெஃப்ரி ஸீன்ட்ஸ் என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஒப்பந்ததாரர்களில் ஒருவரை மற்ற எல்லோருக்கும் தலைமையாக நியமித்தார்கள். கூகுளில் பணியாற்றிய மைக்கி டிக்கர்சன் போன்ற சிலர் வெளியிலிருந்து உதவிக்கு வந்தார்கள். வந்தவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, தளம் எந்த நேரத்தில் எப்படி ஓடுகிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி திரையில் காட்டியது. அதற்கு முன் அந்த ஏற்பாடே சரியாக இல்லை. நோய் எங்கே என்று தெரியாமல் எல்லோரும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காலையும் மாலையும் தினம் இரண்டு முறை கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு டிக்கர்சன் வைத்த ஒழுங்குகள் நம் ஊர் நிர்வாகக் கூட்டங்களுக்கும் பொருந்தும் என்று நமக்குத் தோன்றுகிறது. இந்த அறை பிரச்சினையைத் தீர்ப்பதற்கு, யார்மீது பழி போடுவது என்பதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஒன்று. பதவியில் பெரியவர் பேசக் கூடாது, அந்த விஷயம் அதிகம் தெரிந்தவர்தான் பேச வேண்டும் என்பது இன்னொன்று. அடுத்த ஓரிரு நாளில் எது நம்மைத் தாக்கப் போகிறதோ அதை மட்டும் இப்போது பேசுவோம் என்பது மூன்றாவது. நம் மஷூராக்களில் இந்த இரண்டாவது ஒழுங்கைக் கடைப்பிடித்தால் பல கூட்டங்கள் இஷாவுக்கு முன்பே முடிந்துவிடும்.

ஐந்தாறு வாரத்தில் 400-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்தார்கள். முன்பு ஒரு பக்கம் திறக்கச் சராசரியாக 8 விநாடி ஆனது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு விநாடிக்கும் கீழே வந்தது. நூற்றுக்கு 6 ஆக இருந்த பிழை விகிதம் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அந்த முதல் பருவம் முடிந்தபோது இந்தத் தளமும் மாநிலங்களின் தளங்களும் சேர்ந்து சுமார் 80 லட்சம் பேரைப் பதிவு செய்திருந்தன. பிறகு ஒரு சிறிய குழு உட்கார்ந்து விண்ணப்பத்தையே புதிதாக எழுதியது. முன்பு 76 திரைகளாக இருந்ததைப் பெரும்பாலான குடும்பங்களுக்கு 16 திரைகளாகச் சுருக்கினார்கள். எந்த இடத்தில் மக்கள் தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. முதல் தடவை கோடிகளைக் கொட்டியபோது இந்தக் கேள்வியை உரக்கக் கேட்க ஆள் இல்லை.

மாறாதது எது, மாறக்கூடியது எது

இனி நம் பக்கம் வருவோம். பத்ருப் போரின் வரலாற்றில் நாம் அனைவரும் கேட்ட ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் படையை நிறுத்தியபோது, ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் வந்து, இந்த இடம் அல்லாஹ் அறிவித்ததா, அல்லது யோசனையின்படி எடுத்த போர்த் தந்திரமா என்று கேட்டார்கள். யோசனைதான் என்று தெரிந்ததும், எதிரிப் படைக்கு அருகில் உள்ள கிணறு வரை முன்னேறி நிற்பதே நல்லது என்றார்கள். அந்தக் கருத்து ஏற்றுக்கொள்ளப்பட்டு, இடம் மாற்றப்பட்டது என்று ஸீரா நூல்களில் வருகிறது.

அந்தக் கேள்வியின் அழகைப் பாருங்கள். முதலில், இது மாறக்கூடியதா இல்லையா என்று பிரித்துக் கேட்டார்கள். பிறகுதான் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். அந்த நிலத்தையும் தண்ணீரையும் அறிந்தவர் பேசினார், தலைமை கேட்டது. ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, இதில் மாற்றவே கூடாதது எது, அனுபவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியது எது என்று இரண்டு பட்டியலாகப் பிரிப்பதுதான் திட்டமிடலின் முதல் வேலை என்று நாம் நினைக்கிறோம்.

அகழ்ப் போரிலும் இதைப் பார்க்கலாம். ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள் சொன்ன யோசனைப்படி மதீனாவின் திறந்த பக்கத்தில் அகழ் தோண்டப்பட்டது. எங்கே தோண்டுவது, ஏன் தோண்டுவது என்பது உறுதியான திட்டம். வேலையோ பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று அளந்து பிரிக்கப்பட்டது. யார் பகுதி முடிந்தது, யார் பகுதியில் பாறை தட்டுகிறது என்று பார்த்த கண்ணுக்கே தெரியும். நபி (ஸல்) அவர்களும் கூடவே மண் சுமந்தார்கள். யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஏழு வருட விளைச்சலும் ஏழு வருடப் பஞ்சமும் முன்கூட்டிக் கணக்கிடப்பட்டதும், தானியத்தைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்கச் சொன்னதும் நீண்டகாலத் திட்டத்துக்கு வேறொரு பாடம். 'அஜைல் முறையை நாம்தான் கண்டுபிடித்தோம்' என்று இதை வைத்து யாரும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட வேண்டாம். அது உண்மையல்ல, அப்படிச் சொல்லிப் பெருமை தேடும் அவசியமும் தீனுக்கு இல்லை.

நமது நான்கு பதிவேடுகள்

நம் வேலையில் மாறாதவை சில உண்டு. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் குர்ஆன் வகுத்திருக்கிறது. அதில் எந்தக் கணினிக்காரரும் கை வைக்க முடியாது. ஜகாத் பணமும் ஸதகாப் பணமும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது. ஆண்டுத் தணிக்கைக்கு வேண்டிய ரசீது எண், தேதி, தொகை விடுபடக் கூடாது. உதவி பெறுகிறவர்களின் பெயர் அலுவலகத்தில் வந்துபோகிறவர்கள் கண்ணில் படக் கூடாது. மானத்தை மறைப்பது நம் கடமை என்பதோடு, 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கணினியில் பிறர் விவரங்களை வைத்திருப்பவர்கள்மீது பொறுப்பைச் சுமத்துகிறது. மொத்தச் செலவின் உச்ச வரம்பும் பொதுக்குழு நிர்ணயித்தபின் மாறக் கூடாது. இவற்றில் 'செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

மற்ற எல்லாமே செய்து பார்த்துத்தான் தெரியும். ஓர் உதாரணம் சொல்கிறோம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஒரே பையனின் பெயர் ஆதாரில் 'முகமது' என்றும், மாற்றுச் சான்றிதழில் 'முஹம்மத்' என்றும், வங்கிப் புத்தகத்தில் 'மு.' என்று முதலெழுத்தாகவும் இருக்கும். கணினிக்கு அது மூன்று பையன்கள். இன்னொன்று: நம் சந்தாப் பதிவேட்டில் ஒரு வீடு என்பது ஒரு தலைக்கட்டு. ரேஷன் கார்டில் அதே வீடு இரண்டு குடும்பம். விதவை மகள் தாய்வீட்டில் இருந்தால் அவர் எந்தக் குடும்பத்தில் சேருவார்? அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவர் இதையெல்லாம் மனதிலேயே வைத்திருக்கிறார். ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. கம்பெனிக்காரர் முதல் நாள் வந்து "உங்களுக்கு என்னென்ன வேண்டும், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் இது எதுவும் நம் நினைவுக்கு வராது. முதல் ஐம்பது விண்ணப்பத்தை உள்ளே ஏற்றும்போதுதான் வரும்.

ஆகவே பொதுக்குழுவில் நாம் வைக்கப்போகும் யோசனை இது. நான்கு பதிவேட்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம். முதலில் கல்வி உதவித்தொகை. அதிலும் ஏற்கெனவே பெற்றுவரும் மாணவர்களின் புதுப்பித்தல் மட்டும். அதில் பெயர்க் குழப்பம், குடும்பக் குழப்பம் எல்லாம் வந்துவிடும்; ஆனால் தவறு நேர்ந்தாலும் நோட்டைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம், யாருடைய அடுப்பும் அணையாது. விதவையர் உதவியை இப்படிச் சோதனைக்கு விட முடியாது. அது மாதா மாதம் போய்ச் சேர வேண்டிய பணம். கடைசியில்தான் வர வேண்டும்.

என்ன வேண்டும் என்று கம்பெனிக்காரரிடம் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும் இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பதினோரு பேரும் தனித்தனியே போன் செய்து தனித்தனியே மாற்றம் கேட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஒருவர், பதிவேட்டைத் தினமும் கையால் தொடுகிறவராக இருப்பது நல்லது. பதவியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, செய்து முடித்ததை அவரும், விண்ணப்பிக்கும் தாய்மார்கள் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். "தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது" என்ற பேச்சை ஏற்க வேண்டாம். ஓடுகிறதா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

பணத்தையும் அப்படியே தவணை தவணையாக, ஓடிக் காட்டிய பகுதிக்கு மட்டும் கொடுக்க வேண்டும். இடையில் வேலை பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதுவரை ஏற்றிய விவரங்கள் அனைத்தும் நமக்குச் சொந்தம், கேட்டால் எக்ஸெல் கோப்பாகத் தந்துவிட வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டு, சொந்தக் கணக்கையே எடுக்க முடியாமல் ஒரே கம்பெனியிடம் வருடா வருடம் பணம் கட்டிக்கொண்டிருக்கும் கடைக்காரர்கள் நம் ஊர் பஜாரிலேயே இருக்கிறார்கள். கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கப் போகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் முழுவதும் நோட்டும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். இரட்டை வேலைதான், ஆனால் இரண்டின் கூட்டலும் மாதா மாதம் ஒத்துப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகே நோட்டை மூடலாம். நோட்டே போதும் என்று சொல்லும் பெரியவர்களுக்கும் இது ஒரு பதிலாக இருக்கும் என நம்புகிறோம். சென்ற தலைமுறை எழுதிய அந்தப் பதிவேடுகளை யாரும் தூக்கி எறியப் போவதில்லை.

மொத்தமாக ஒரே தடவையில் வாங்குவது மலிவாகத் தெரியும் என்பது உண்மை. விலைப்பட்டியலில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த விலையில், நாளை நாம் கேட்கப் போகும் மாற்றங்களுக்கான கட்டணம் சேர்ந்திருக்காது. தவணை முறையில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை இன்றே பைசா சுத்தமாகச் சொல்ல முடியாது. அது இதன் குறை. உச்ச வரம்பு வைப்பது அதற்காகத்தான். வரம்பைத் தொட்டுவிட்டால், பட்டியலில் கீழே இருப்பவை அடுத்த வருடத்துக்குப் போகும். மேலே இருப்பவை அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

பொதுக்குழு ஒப்புதல் தந்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த மாத முதல் ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் புதுப்பித்தல் படிவத்தைக் காகிதத்தில் வரைந்து மேசையில் வைப்போம். கணினி வருவதற்கு முன் காகிதத்தில் ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. இப்போது உதவித்தொகை பெறும் மாணவர்களின் வாப்பாவோ உம்மாவோ வந்து நிரப்பிப் பார்க்க வேண்டுகிறோம். குறிப்பாக, ஸ்மார்ட்போன் பழக்கம் இல்லாதவர்கள் அவசியம் வர வேண்டும்; பெண்களுக்கு அஸருக்கு முன் தனி நேரம் உண்டு. பிள்ளையின் ஆதாரும் மாற்றுச் சான்றிதழ் நகலும் கொண்டு வந்தால் போதும். ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகள் அந்த வாரம் ஊருக்கு வருவதாக இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். எங்கே மக்கள் தயங்குகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது.